மெல்லினம் தொலைத்த குழந்தைகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பௌர்ணமி இரவு. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஈசானிய லிங்கத்தை நெருங்கும் நேரம். தோளில் அமர்ந்திருந்த எங்கள் இளைய மகனுக்கு அப்போது ஐந்து வயது. கூட்டத்தோடு சேர்ந்து அவனும் உரத்த குரலில் "அட்டாபலையாருக்கு அரோகரா" என்றான். முன்னால் நடந்த பாட்டி ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மழலை என்று எண்ணிக்கொண்டோம். மெய்யெழுத்தின் பிறப்பை வகுப்பறையில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற எங்களுக்கு, அந்த ஒரு சொல்லில் இருந்த செய்தி அன்று உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடுதான் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மழலை எழுத்துகளைக் கண்டபடி மாற்றும். 'ர' ய ஆகும், 'ழ' ல ஆகும், சில எழுத்துகள் அப்படியே விழுங்கப்படும். இவன் மாற்றியதில் ஓர் ஒழுங்கு இருந்தது. ணகரம் டகரமாயிற்று, மகரம் பகரமாயிற்று; ரகரமும் லகரமும் அப்படியே நின்றன. மெல்லின எழுத்து ஒவ்வொன்றும் நெடுங்கணக்கில் தனக்கு அருகில் இருக்கும் வல்லின எழுத்தாக மாறியிருந்தது. மெல்லெழுத்து ஆறும் வாயில் தத்தமக்கு உரிய இடங்களில் பிறந்தாலும் மூக்கின் காற்றினால்தான் ஒலி பெறுகின்றன என்பது தொல்காப்பியப் பிறப்பியல் சொல்வது. நன்னூலார் மெல்லினத்தின் இடம் மூக்கே என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார். அந்த மூக்கு வழியை அடைத்துவிட்டால் எஞ்சுவது அதே இடத்தில் பிறக்கும் இனவெழுத்தாகிய வல்லெழுத்துதான். தமிழ் நெடுங்கணக்கை வகுத்தவர்கள் ககரத்துக்கு அருகில் ஙகரத்தையும், பகரத்துக்கு அருகில் மகரத்தையும் வைத்த காரணம் எங்கள் மகனின் வாயில் நடந்துகொண்டிருந்தது. அவன் அம்மாவை அழைத்தால் ஏறத்தாழ அப்பாவை அழைப்பது போலிருக்கும்.

அடைத்திருந்தது அடினாய்டு. மூக்கடிச் சதை என்று மருத்துவக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். மூக்கடியான் என்று ஒரு கலைச்சொல்லும் உண்டு. ஊர்ப் பேச்சில் 'மூக்குல சதை வளந்திருக்கு' என்பதோடு சரி. வாயைத் திறந்தால் தெரிகிற தொண்டைச் சதையாகிய டான்சிலும் இதுவும் ஒரே இனம். ஆனால் இது இருப்பது அண்ணத்துக்கு மேலே, மூக்கின் பின்வாசலில். வாயைப் பிளந்து பார்த்தாலும் தெரியாது, மூக்கைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியாது. அண்ண முடியாத மலை என்பதால் அண்ணாமலை என்று எங்கள் ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அண்ணத்தின் பின்னால் அண்ண முடியாமல் இருக்கும் இந்தச் சதைக்கும் அப்பெயர் பொருந்தும். எல்லாக் குழந்தைகளுக்கும் இது உண்டு. மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை பருத்திருந்து, பதின்பருவத்தில் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். சிலருக்கு வழியை அடைக்கும் அளவுக்குப் பருக்கும்போதுதான் தொல்லை. வாயால் மூச்சு, இரவில் குறட்டை. நடுச்செவிக்குச் செல்லும் குழலின் வாயும் அங்கேயே இருப்பதால், அது சரிவரத் திறக்காமல் செவிப்பறைக்குப் பின்னால் பசைபோல் நீர் தேங்கி, கேள்வி மந்தமாதல்.

கண்ணுக்குத் தெரியாத இதை மருத்துவ உலகம் கண்டுகொண்ட விதம் சுவையானது. முதலடி எடுத்து வைத்தவர் ஒரு பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா என்ற ஸ்பானிய இசை ஆசிரியர் 1854இல், பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, வெயிலைப் பிடித்து உள்ளே செலுத்தித் தம் குரல்நாண்களைத் தாமே பார்த்தார். அந்தக் கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பி மூக்கின் பின்பக்கத்தைப் பார்க்கலாம் என்று காட்டியவர் செர்மாக் என்ற உடலியல் பேராசிரியர். ஆயினும் அங்கே இருந்ததை நோயாக அறிந்து பெயரிட்டவர் கோபன்ஹேகன் நகரத்து மருத்துவர் வில்ஹெல்ம் மேயர். கேள்வி மந்தமும் மூக்கடைப்பும் உயிரற்ற பேச்சும் கொண்ட இளம்பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். கண்ணாடியை நம்பாமல் மேயர் தம் விரலை அண்ணத்துக்குப் பின்னால் செலுத்தித் தடவிப் பார்த்தார். மென்மையான சதைத்திரள் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. 1868இல் டேனிஷ் மொழியிலும், 1870இல் இலண்டனில் ஆங்கிலத்திலும் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். வளையம்போன்ற சிறு கத்தியை மூக்கு வழியே விட்டு, வாய்க்குள் விட்ட விரலால் அதை வழிநடத்திச் சுரண்டி எடுக்கும் முறையும் அவருடையதே. அந்நோயாளிகளின் பேச்சில் மூக்கொலிகள் செத்துப்போவதை மேயர் கூர்ந்து குறித்திருக்கிறார். மருத்துவர் கண்ணுக்குத் தப்பியதை முதலில் காட்டிக்கொடுத்தது எழுத்தொலி என்பதில், எங்களைப் போன்ற மொழி ஆசிரியர்களுக்கு ஓர் அற்பப் பெருமை.

கோபன்ஹேகன் நமக்கு அயலூர் அன்று. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது யாவரும் அறிந்ததே. அவர்கள் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன பிறகும் டேனிஷ் மிஷனரிகள் தென்னார்க்காட்டுப் பக்கம் வந்து பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்தினர். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி தலைமுறைகளாக நின்று நிலைத்திருக்கிறது. இவ்வூர்ப் பெரியவர்களில் பலர் அதில் படித்தவர்கள். திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் மருத்துவமனை. மேயரின் பெயரை அப்பள்ளியில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கப் போவதில்லை. கோபன்ஹேகன் பூங்கா ஒன்றில் 1898இல் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். பல நாட்டு மருத்துவர்கள் அதற்குப் பொருள் தந்தார்கள்.

தமிழ் நூல் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர், தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்துத் தமிழ் மருத்துவர்களை உருவாக்கினார். அவரும் மாணவர்களுமாக ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினர். அவற்றுள் அறுவை மருத்துவத்துக்கான 'இரணவைத்தியம்' 1867இல் வெளிவந்தது. துருவிட் என்பவரின் கையேட்டைத் தழுவியது. மேயரின் கட்டுரை வெளியானது அதற்கு அடுத்த ஆண்டு. ஓர் ஆண்டு முந்திக்கொண்டதால், இந்தச் சதைக்குக் கிறீன் மரபில் ஒரு தமிழ்ப்பெயர் கிடைக்கும் வாய்ப்பு போயிற்று. ஒவ்வோர் உறுப்புக்கும் நோய்க்கும் அரும்பாடுபட்டுச் சொல் தேடிய அவர்கள் இதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு.

'இதெல்லாம் சுசுருதர் காலத்திலேயே நம்மவர்கள் செய்தது' என்று நண்பர் ஒருவர் சொன்னார். சுசுருத சங்கிதை வாயில் தோன்றும் நோய்களாக அறுபத்தைந்தைக் கணக்கிட்டிருப்பதும், வீங்கி நீண்ட உள்நாக்கைப் பற்றியிழுத்து அறுக்கும் முறையைச் சொல்லி, மிகுதியாக அறுத்தால் குருதிப்பெருக்கால் உயிருக்கே இடர் என்று எச்சரித்திருப்பதும் உண்மை. அந்த எச்சரிக்கை ஒன்றே, எழுதியவர் கையில் கத்தியைப் பிடித்தவர் என்பதற்குச் சான்று. ஆனால் அது உள்நாக்கு, கண்ணுக்குத் தெரிவது. அண்ணத்துக்கு மேலே இருந்த ஒன்றை அவர் அறுத்தார் என்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. நம் கிராமங்களில் தொண்டை நோவுக்கெல்லாம் உள்நாக்கைத்தான் குற்றம் சொல்வார்கள். 'உள்நாக்கு வளந்திருக்கு' என்று கரண்டிக் காம்பில் உப்பைத் தொட்டு அதன்மேல் வைப்பதை எங்கள் தலைமுறையில் பலர் அனுபவித்திருக்கிறோம். அந்தக் கரிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

மேயருக்குப் பிறகு கதை வேறு திசையில் திரும்பியது. எண்பதுகளில் பிரெஸ்லாவ் நகரத்துக் காட்ஸ்டைன், வாய் வழியே செலுத்தும் வளைந்த சுரண்டியை உருவாக்கினார், வேலை எளிதாயிற்று. ஆம்ஸ்டர்டாமில் கீ என்ற மருத்துவர் மூக்கடைப்புக்கும் கவனமின்மைக்கும் தொடர்பு சொல்லி, அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் சூட்டினார். வகுப்பில் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும் மந்தமான பிள்ளை, உண்மையில் மூச்சு முட்டும் பிள்ளை என்றார். எவ்வளவு கருணையான கண்டுபிடிப்பு! கருணை ஒரு நிறுவனமாகும்போது என்னவாகும் என்பதை அடுத்த அரைநூற்றாண்டு காட்டிற்று. படிப்பு வரவில்லையா, அடினாய்டு. பிடிவாதமா, அடினாய்டு. பள்ளி மருத்துவர்கள் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்துப் பட்டியலிட்டார்கள்.

1906 ஜூன் மாதம் நியூயார்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் நடந்தது இதன் உச்சம். யூதக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. மருத்துவமனைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக வசதியில்லாத பெற்றோர் என்பதால், மருத்துவர்களைப் பள்ளிக்கே வரவழைத்து அடினாய்டு அறுவை செய்தார்கள். பிள்ளைகள் வாயில் இரத்தத்தோடு வீடு திரும்பினர். ஆங்கிலம் புரியாத தாய்மார்களுக்கு யாரும் எதையும் விளங்கச் சொல்லியிருக்கவில்லை. பள்ளியில் பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள் என்று வதந்தி பரவ, ஆயிரக்கணக்கான தாய்மார்கள் பள்ளிகளை முற்றுகையிட்டுக் கண்ணாடிகளை உடைத்துப் பிள்ளைகளை மீட்டுக்கொண்டு போனார்கள். பத்திரிகைகள் அறியாமை என்று எள்ளி நகையாடின. அதே மாதம்தான் ருஷ்யப் பேரரசின் பியாலிஸ்டாக் நகரில் யூதர்கள் கொன்று குவிக்கப்பட்ட செய்தி வந்திருந்தது. அந்தத் தாய்மார்களில் பலர் அத்தகைய படுகொலைகளுக்குத் தப்பி ஓடிவந்தவர்கள். சீருடை அணிந்தவர்கள் பிள்ளைகளை என்ன செய்வார்கள் என்பதில் அவர்களுக்கு அனுபவம் இருந்தது. அறியாமை அவர்களுடையது மட்டுமன்று.

அறிந்தவர்களின் நிலை என்ன என்பதற்கு 1934ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று விடை சொல்கிறது. அது டான்சில் பற்றியது. ஆனால் அக்காலத்தில் இரண்டையும் சேர்த்தே எடுப்பது வழக்கமாதலால் இங்கும் பொருந்தும். நியூயார்க்கில் பதினொரு வயதுப் பிள்ளைகள் 1000 பேரைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாயிற்று. மிஞ்சிய 389 பேரை மருத்துவர்களிடம் காட்ட, 174 பேருக்கு அறுவை தேவை என்றார்கள். தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டினார்கள். அவர்களில் 99 பேருக்குத் தேவை என்றார்கள். தப்பிய 116 பேரை மீண்டும் வேறொரு குழுவிடம் அனுப்ப, அதிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் அகப்பட்டனர். கடைசியில் அறுவை வேண்டாம் எனத் தீர்ப்புப் பெற்றவர்கள் 65 பேர். யாரைக் காட்டினாலும் பாதிப் பேருக்கு வேண்டும் என்பதே மருத்துவர்களின் மனக்கணக்காக இருந்திருக்கிறது. 1938இல் இங்கிலாந்தில் கிளோவர் என்ற மருத்துவ அதிகாரி, ஊருக்கு ஊர் இந்த அறுவையின் எண்ணிக்கை பன்மடங்கு வேறுபடுவதையும், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே அது மிகுதியாக நடப்பதையும் எடுத்துக்காட்டினார். நோய் ஊர் பார்த்து வருவதில்லை. மருத்துவரின் கருத்துதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

இதைவிடக் கொடுமை, கத்தி வேண்டாம் என்று எண்ணிச் செய்தது. பால்டிமோரில் குரோவ் என்ற புகழ்பெற்ற மருத்துவரின் வழியில், ரேடியம் முனையில் பொருத்திய கம்பியைக் குழந்தைகளின் மூக்கு வழியே செலுத்திச் சதையைச் சுருக்கினார்கள். வலியில்லை, இரத்தமில்லை. அறுபதுகள்வரை அமெரிக்காவில் இது நடந்தது. பின்னாளில் அக்குழந்தைகளுக்குக் கழுத்திலும் தலையிலும் கட்டிகள் வருமோ என்று ஆராயவேண்டியதாயிற்று.

இந்தியாவின் பங்கு மயக்கமருந்தின் வழியாக வருகிறது. சில நிமிட அறுவைதான். ஆனால் மயங்கிய குழந்தையின் மூச்சுக்குழல் வாயிலிலேயே இரத்தம் வடியும் அறுவை. குளோரோபாரத்தால் சில பிள்ளைகள் மேசையிலேயே இறந்தார்கள். இதயம் நின்று இறக்கிறார்களா, மூச்சு நின்று இறக்கிறார்களா என்பது பெரும் வழக்கு. ஐதராபாத்தில் எட்வர்டு லாரி என்ற மருத்துவர் மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்குத் தீங்கில்லை என்று அடித்துச் சொன்னார். அதை மெய்ப்பிக்க நிஜாம் பணம் தர, 1888லும் 1889லும் இரண்டு ஆணைக்குழுக்கள் நூற்றுக்கணக்கான விலங்குகளை வைத்துச் சோதித்து, லாரி சொன்னதே சரி என்றன. 1911இல் லீவி என்பவர் குளோரோபாரம் இதயத்தைத் திடீரெனத் துடிதுடித்து நிற்கச் செய்யும் என்று நிறுவியதும் அந்தத் தீர்ப்புச் சாய்ந்தது. அந்த ஐதராபாத்தில் லாரியிடம் பயின்ற ரூபாபாய் ஃபர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்கவியலர்களில் ஒருவராகக் கருதப்படுகிறார். தோற்றுப்போன கொள்கையிலிருந்து மிஞ்சிய நல்ல செய்தி அது.

எங்கள் பகுதிக்கு இவையெல்லாம் வேலூர் வழியாக வந்தன. 1902இல் ஐடா ஸ்கடர் அங்கே மருத்துவமனை தொடங்கியதிலிருந்து, 'வேலூருக்குக் கொண்டு போ' என்பது இங்கே கடைசி மருந்துக்குப் பெயர். எழுபது, எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த அறுவையின் நினைவு முழுக்க ஐஸ்கிரீம்தான். டான்சில் எடுத்த பிள்ளைக்கு நாள் முழுக்க ஐஸ்கிரீம் கொடுப்பார்களாம் என்று கேள்விப்பட்டு, எங்களுக்கும் டான்சில் வரக்கூடாதா என்று வேண்டிக்கொண்ட தலைமுறை இது. 2013இல் திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதே ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் செவித்திறனையும் சோதிக்கிறார்கள். ஆனால் மழைநாளில் சளியோடு வந்து வெயில்நாளில் கேட்கும் இந்த வகைச் செவிட்டுத்தன்மை, சோதனை நாளன்று அகப்படாமல் நழுவக்கூடியது.

எங்கள் மகன் விஷயத்திலும் நழுவிற்று. பள்ளியில் கவனமில்லை என்றார்கள். கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். அங்கே இன்னும் கேட்கவில்லை. வீட்டில் நாங்கள் மூன்றாம் முறை அழைக்கும்போது குரலை உயர்த்தினோம். நான்காம் முறை கையை ஓங்கினோம். 'வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதே' என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! வாயைப் பிளக்காவிட்டால் அவனுக்கு மூச்சு இல்லை. காது மூக்குத் தொண்டை மருத்துவர் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் நிழலைக் காட்டினார். காதில் குழல் வைத்து எடுத்த வரைபடம், மலைபோல் எழவேண்டியது, தரைபோல் கிடந்தது. "பையன் மந்தமில்ல சார். நீங்க பேசுறது அவனுக்குத் தண்ணிக்குள்ள இருந்து கேக்குற மாதிரிதான் கேக்குது" என்றார். அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் அம்மா, 'தானா கொறஞ்சிடும், கத்தி வெக்காதே' என்று அழுதார்.

அப்போதுதான் மேலே சொன்னவற்றையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்ததில் அம்மா பக்கமும் நியாயம் இருந்தது. 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் 464 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அடினாய்டும் டான்சிலும் எடுத்தது. மறுபிரிவைக் காத்திருக்க வைத்தது. ஏழு மாதத்தில் அறுவை செய்தவர்களில் நூற்றுக்கு 79 பேருக்குத் தூக்கச் சோதனை சரியாயிற்று. காத்திருந்தவர்களிலும் 46 பேருக்குச் சரியாயிற்று. கவனத் தேர்வில் பெரிய வேறுபாடு இல்லை. 2018இல் டென்மார்க்கிலிருந்தே இன்னொன்று: ஏறத்தாழ 12 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து, ஒன்பது வயதுக்குள் இச்சதைகளை எடுத்தவர்களுக்குப் பின்னாளில் சுவாச நோய்கள் கூடுதலாக வருகின்றன என்றது. நோய்வாய்ப்பட்ட பிள்ளைகளுக்குத்தானே அறுவையே செய்கிறார்கள், பின்னாளில் அவர்களே நோய்வாய்ப்பட்டால் அறுவையைக் குறை சொல்லலாமா என்று எதிர்ப்பும் எழுந்தது. மேயரின் நாட்டிலிருந்து நூற்றைம்பது ஆண்டு கழித்து வந்த இந்தச் சந்தேகத்தை மருத்துவரிடமே கேட்டோம். அவர் சினக்கவில்லை. மூக்கில் அடிக்கும் மருந்து எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் பார்ப்போம் என்றார். நியூயார்க்கில் அந்த ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்தவர்களில் யாரேனும் அப்படிச் சொல்லியிருந்தால் கணக்கு மாறியிருக்கும்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் வரைபடம் தரையாகவே கிடந்தது. எடுத்துவிட்டோம். முழு மயக்கம், அகநோக்கிக் கருவி. மேயர் விரலால் தடவிய இடத்தை இப்போது திரையில் பார்த்துக்கொண்டே எடுக்கிறார்கள். காதுநீரையும் வடித்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்தவன் மிக்சி ஓடியதும் காதைப் பொத்திக்கொண்டான். பிறகு, "ஏம்பா கத்துறீங்க?" என்றான். நாங்கள் வழக்கமான குரலில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அவன் பேச்சில் வேறொரு வேடிக்கை நடந்தது. இத்தனை நாள் அடைத்திருந்த வாசல் திறந்துவிட்டதால், அதை மூடிப் பழகாத மெல்லண்ணம் தடுமாறிற்று. காற்றெல்லாம் மூக்குக்குப் போயிற்று. முன்பு மெல்லினம் வல்லினமானது போக, இப்போது வல்லினமெல்லாம் மெல்லினச் சாயலில் வந்தன. அப்பாவை அழைத்தால் அம்மாவை அழைப்பது போலிருந்தது. அவன் அம்மாவுக்கு அதில் கொள்ளை மகிழ்ச்சி. அறுவைக்குப் பின் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, சில வாரத்தில் தானே சரியாகும் என்றார் மருத்துவர். ஐந்தாவது வாரம் சரியாயிற்று. ழகரம் மட்டும் இன்னும் வரவில்லை. அது மூக்கைச் சார்ந்த எழுத்தன்று.